காலை ஐந்தரை மணி, ஒரு நடை, ஒரு கப் டீ... நோபல் எழுத்தாளர் ஹான் காங்கின் ஒரு நாள்!

2024 அக்டோபர் 10, வியாழக்கிழமை. தென்கொரியத் தலைநகர் சியோலில் இரவு எட்டு மணி ஆகப்போகிறது. ஒரு வீட்டில் அம்மாவும் மகனும் அப்போதுதான் சாப்பிட்டு முடித்திருந்தார்கள். போன் அடித்தது. மறுமுனையில் பேசியவர் ஸ்வீடிஷ் அகாடமியின் நிரந்தரச் செயலாளர். அந்த ஆண்டின் இலக்கியத்துக்கான நோபல் பரிசு அந்த அம்மாவுக்குத்தான் என்றார்.

அவர் பெயர் ஹான் காங். அப்போது வயது 53. நோபல் இலக்கியப் பரிசு பெற்ற முதல் கொரியர். ஆசியாவிலிருந்து அந்தப் பரிசைப் பெற்ற முதல் பெண்ணும் அவர்தான். 1913-ல் நம் தாகூர் வாங்கினாரே, அதற்குப் பிறகு ஓர் ஆசியப் பெண் அந்த மேடை ஏற 111 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

அறிவிப்பு வந்த சற்று நேரத்தில் நோபல் அமைப்பிலிருந்து பேட்டிக்காகவும் கூப்பிட்டார்கள். 'இன்று என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?' என்று கேட்டதற்கு, வேலை எதுவும் செய்யவில்லை, கொஞ்சம் படித்தேன், ஒரு நடை போய்வந்தேன், மிகச் சாதாரணமான நாள் என்று சொன்னார் ஹான் காங். 'எப்படிக் கொண்டாடப் போகிறீர்கள்?' என்பது அடுத்த கேள்வி. தனக்கு மதுப்பழக்கம் இல்லை, மகனோடு உட்கார்ந்து டீ குடிப்பேன், இன்றிரவு அமைதியாகக் கொண்டாடிக்கொள்வேன் என்றார். சொன்னபடியே அன்றிரவு அம்மாவும் மகனும் கெமோமில் பூ போட்ட டீயோடு கொண்டாட்டத்தை முடித்துக்கொண்டார்கள்.

உலகமே திரும்பிப் பார்க்கும் பரிசு கிடைத்துவிட்டது. ஆனால் அன்று தொடங்கி ஹான் காங் திரும்பத் திரும்பச் சொல்லிவருவது, தன் அன்றாடம் மாறிவிடக் கூடாது என்பதைத்தான். அப்படி அந்த அன்றாடத்தில் என்னதான் இருக்கிறது?

விருந்தா... எதற்கு?

பரிசு அறிவித்த மறுநாள் காலை, பத்திரிகையாளர்கள் கூட்டம் கொரியாவின் தென்கோடியில் உள்ள ஜாங்ஹுங் என்ற ஊரில் திரண்டது. அங்கேதான் ஹான் காங்கின் அப்பா ஹான் சுங்-வோன் இருக்கிறார். அவரும் பேர்பெற்ற நாவலாசிரியர். கொரியாவில் பெரிதாக மதிக்கப்படும் யி சாங் இலக்கியப் பரிசை 1988-ல் அப்பா வாங்கினார். 2005-ல் அதே பரிசை மகள் வாங்கினார்.

மகளுக்கு நோபல் என்றதும் எந்த அப்பாவுக்கும் ஊரைக் கூட்டி விருந்து வைக்கத் தோன்றும். இவருக்கும் தோன்றியது. ஆனால் மகள் தடுத்துவிட்டார். உக்ரைனிலும் பாலஸ்தீனத்திலும் போர் உக்கிரமாக நடக்கிறது, தினமும் இறந்தவர்களைச் சுமந்து போகிறார்கள், இந்த நேரத்தில் எதற்குக் கொண்டாட்டம், எதற்குப் பத்திரிகையாளர் சந்திப்பு என்று மகள் கேட்டதாக அப்பாவே செய்தியாளர்களிடம் சொன்னார். ஹான் காங்கின் பேட்டிக்காகக் காத்திருந்த கேமராக்கள் வெறுமனே திரும்பின.

வீட்டில் இருந்த அமைதி வெளியே இல்லை. புத்தகக் கடைகளுக்கு முன்னால் காலையிலேயே வரிசை நின்றது. அச்சகங்கள் ராத்திரி பகலாக ஓடின. ஒரு வாரத்துக்குள் அவர் புத்தகங்களின் விற்பனை 10 லட்சம் பிரதிகளைத் தாண்டிவிட்டதாகக் கொரியப் பத்திரிகைகள் எழுதின.

சியோலில் ஹான் காங் நடத்திவந்த ஒரு சின்னப் புத்தகக் கடையும் உண்டு. அதன் பெயருக்கு 'இன்று' என்று பொருள். நாலு பேர் அமைதியாக வந்து புத்தகம் பார்த்துவிட்டுப் போகிற மாதிரியான கடை. நோபல் செய்தி வந்ததும் அங்கே குவிந்த கூட்டத்தைப் பார்த்து, கடையைத் தற்காலிகமாக மூட வேண்டியதாயிற்று. அன்றாடம் மாறிவிடக் கூடாது என்ற அவருடைய பயம் வெறும் கற்பனையில்லை என்பதற்கு அந்த மூடிய கதவே சாட்சி.

மியூசியத்துக்குப் போன டீ கப்

நோபல் பரிசு பெறுகிறவர்கள் ஸ்டாக்ஹோமில் உள்ள நோபல் மியூசியத்துக்குத் தங்கள் வாழ்க்கையோடு ஒட்டிய ஒரு பொருளைக் கொடுப்பது வழக்கம். நம் ஊர் அமர்த்தியா சென் கொடுத்தது அவருடைய பழைய சைக்கிளை. 2024 டிசம்பர் 6-ம் தேதி ஹான் காங் கொடுத்தது, கைக்குள் அடங்கும் ஒரு சின்ன டீ கப். உள்பக்கம் லேசான நீலப்பச்சை நிறம்.

கூடவே கையால் எழுதிய ஒரு குறிப்பையும் வைத்தார். 2021-ல் வெளிவந்த தன் நாவலை எழுதிய காலத்தில் கடைப்பிடிக்க முயன்ற சில பழக்கங்கள் அதில் இருந்தன. எல்லா நாளும் முடிந்துவிடவில்லை என்பதையும் ஒளிக்காமல் எழுதியிருந்தார்.

முதலாவது, காலை ஐந்தரை மணிக்கு எழுந்து, மனம் மிகத் தெளிவாக இருக்கும் நேரத்தில் நாவலின் அடுத்த பகுதியை எழுதுவது. இரண்டாவது, வீட்டுக்குப் பக்கத்தில் ஓடும் ஓடைக்கரையில் தினமும் ஒரு முறையாவது நடப்பது. மூன்றாவதுதான் இந்த டீ கப். மேஜைக்குத் திரும்பும் ஒவ்வொரு முறையும் ஒரு கப் பிளாக் டீ. அவ்வளவுதான் பட்டியல்.

கப் ரொம்பச் சின்னது என்பதால் ஒரு நாளில் பல முறை டீயை ஊற்றிக் குடிக்க வேண்டியிருக்கும். அப்படி ஒவ்வொரு முறையும் அந்த நீலப்பச்சை உள்புறத்தைப் பார்ப்பதே அந்த நாள்களில் தன் வாழ்க்கையின் மையமாக இருந்தது என்கிறார். தன்னை மறுபடி மறுபடி மேஜைக்கு இழுத்துவரும் ஒரு மந்திரம் போல அந்த கப் இருந்ததாம்.

வீட்டு வேலை, அலுவலக வேலை என்று ஓடிக்கொண்டிருக்கும்போது பாதியில் விட்ட ஒரு காரியத்துக்குத் திரும்பவே முடியாமல் தவிக்கிறவர்களுக்கு இந்த டீ கப்பின் அருமை புரியும். தொடங்குவதைவிட, விட்ட இடத்துக்குத் திரும்பி வருவதுதான் கஷ்டம். நோபல் எழுத்தாளருக்கும் அதுதான் கஷ்டமாக இருந்திருக்கிறது.

பேனாவைத் தலைகீழாகப் பிடித்து...

ஹான் காங்கைப் பற்றிப் பேசும்போது அவருடைய உடல்வலியைப் பற்றியும் பேசியாக வேண்டும். பதின்ம வயதிலிருந்தே அவருக்கு ஒற்றைத் தலைவலி உண்டு. வலி வந்துவிட்டால் எழுத்து, வாசிப்பு, வீட்டு வேலை எல்லாம் அப்படியே நின்றுவிடும். அந்தத் தலைவலிதான் தன்னை எப்போதும் பணிவாக வைத்திருக்கிறது என்று ஒரு பேட்டியில் சொன்னார். நூறு சதவிகித ஆரோக்கியத்தோடு இருந்திருந்தால் ஒருவேளை எழுத்தாளராகவே ஆகியிருக்க மாட்டேன் என்றும் சொன்னார்.

தலைவலியோடு போயிற்றா என்றால், அதுவும் இல்லை. உலகத்துக்கு அவரை அறிமுகப்படுத்திய நாவல் 2007-ல் கொரிய மொழியில் வந்தது. திடீரென்று இறைச்சி சாப்பிட மாட்டேன் என்று சொல்லிவிடும் ஒரு குடும்பப் பெண்ணும், அந்த ஒரு முடிவால் அதிர்ந்துபோகும் குடும்பமும்தான் கதை. மூன்று பகுதிகளாக உள்ள அந்த நாவலை எழுதிய காலத்தில் ஹான் காங்கின் விரல் மூட்டுகளில் கடும் வலி. கம்ப்யூட்டரில் தட்டச்சு செய்ய முடியவில்லை. முதல் இரண்டு பகுதிகளைத் தாளில் கையால் எழுதினார். வேறொருவர் அதைத் தட்டச்சு செய்து கொடுத்தார்.

பிறகு கையால் எழுதுவதும் முடியாமல் போனது. அப்போது அவர் கண்டுபிடித்த வழி விசித்திரமானது. இரண்டு கைகளிலும் பால்பாயின்ட் பேனாவைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, பேனாவின் பின்முனையால் கீபோர்டில் ஒவ்வோர் எழுத்தாகக் குத்தினார். மூன்றாவது பகுதி அப்படித்தான் உருவானது.

அந்த நாவல் டெபோரா ஸ்மித்தின் ஆங்கில மொழிபெயர்ப்பில் 2016-ல் மேன் புக்கர் சர்வதேசப் பரிசை வென்றது. பரிசுத் தொகையான 50,000 பவுண்டை எழுத்தாளரும் மொழிபெயர்ப்பாளரும் சரிபாதியாகப் பகிர்ந்துகொண்டார்கள். தமிழிலும் 'மரக்கறி' என்ற பெயரில் கவிஞர் சமயவேல் மொழிபெயர்ப்பில் அந்த நாவல் கிடைக்கிறது.

அலமாரியில் திருப்பி வைத்த புத்தகம்

ஹான் காங் பிறந்தது 1970 நவம்பரில், குவாங்ஜு நகரத்தில். எழுத்தாளர் வீடு என்பதால் எங்கே பார்த்தாலும் புத்தகங்கள். குடும்பம் அடிக்கடி வீடு மாறியது. புதுப் பள்ளிக்கூடம், புது முகங்கள் என்று ஒவ்வொரு முறையும் தொடங்க வேண்டியிருந்தது. கூடவே வந்தவை புத்தகங்கள் மட்டும்தான்.

1980 ஜனவரியில் குடும்பம் குவாங்ஜுவைவிட்டு சியோலுக்குக் குடிபெயர்ந்தது. நான்கே மாதம். மே 18-ம் தேதி குவாங்ஜுவில் ராணுவ ஆட்சிக்கு எதிராக மாணவர்களும் பொதுமக்களும் எழுந்தார்கள். ராணுவம் அவர்களைச் சுட்டுத் தள்ளியது. ஹான் காங்கின் குடும்பம் தப்பித்தது வெறும் தற்செயல்தான். தாங்கள் இருந்திருக்க வேண்டிய இடத்தில் வேறு யாரோ செத்துப்போனார்கள் என்ற உறுத்தல் அந்த வீட்டில் வருடக்கணக்கில் இருந்தது.

குவாங்ஜுவில் நடந்ததை வெளியில் பேச முடியாத காலம் அது. சம்பவத்தின் புகைப்படங்கள் அடங்கிய ஒரு புத்தகம் ரகசியமாகக் கைமாறி ஹான் வீட்டுக்கும் வந்தது. பிள்ளைகள் கண்ணில் படக் கூடாது என்று அதன் முதுகுப்பக்கம் தெரியாதபடி அலமாரியில் திருப்பி வைத்திருந்தார்கள். 12 வயது ஹான் காங் ஒரு நாள் அதை எடுத்துப் பார்த்துவிட்டார்.

சிதைக்கப்பட்ட முகங்கள் அதில் இருந்தன. அதே புத்தகத்தில் இன்னொரு படமும் இருந்தது. காயம்பட்டவர்களுக்கு ரத்தம் கொடுக்க மருத்துவமனைக்கு வெளியே முடிவில்லாமல் நீளும் மக்கள் வரிசை. மனுஷன் மனுஷனுக்கு இப்படிச் செய்வானா என்று முதல் படம் கேட்டது. மனுஷன் மனுஷனுக்காக இப்படியும் நிற்பானா என்று இரண்டாவது படம் கேட்டது. இரண்டும் சேர்ந்து விடை தெரியாத புதிராக அந்தச் சிறுமியின் மனசில் தங்கிவிட்டன.

முப்பது வருடம் கழித்துத்தான் அந்தப் புதிரை அவர் எழுதத் துணிந்தார். 2014-ல் வெளிவந்த குவாங்ஜு நாவலுக்காகச் சாட்சியங்களையும் ஆவணங்களையும் மாதக்கணக்கில் படித்தார். எழுதும்போது மூன்று வரி எழுதிவிட்டு ஒரு மணி நேரம் அழுத நாள்களும் உண்டு என்று பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

பரிசு வாங்குவதற்கு ஸ்டாக்ஹோம் கிளம்ப இருந்த நேரத்தில் அந்தப் பழைய காலம் மறுபடி வாசலில் வந்து நின்றது. 2024 டிசம்பர் 3-ம் தேதி இரவு, தென்கொரிய அதிபர் திடீரென்று ராணுவச் சட்டத்தை அறிவித்தார். மக்கள் நாடாளுமன்றத்தின் முன் திரண்டார்கள். சில மணி நேரத்தில் நாடாளுமன்றம் வாக்களித்து அந்த அறிவிப்பைத் தோற்கடித்தது. ஸ்டாக்ஹோம் பத்திரிகையாளர் சந்திப்பில் இதைப் பற்றிக் கேட்டபோது, நாவலுக்காகத் தான் படித்தறிந்த ராணுவச் சட்டம் 2024-ல் மறுபடி கண்முன் வந்தது அதிர்ச்சியாக இருந்தது என்றார். வெறும் கையோடு ராணுவத்தைத் தடுக்க முயன்றவர்களின் துணிச்சலையும் குறிப்பிட்டுச் சொன்னார். மியூசியத்தில் டீ கப்பைக் கொடுத்ததும் அதே நாளில்தான்.

ஒரு கனவு, ஏழு வருடம்

டீ கப்போடு எழுதிய நாவலுக்கு வருவோம். 2014 ஜூன் மாதம் ஹான் காங்குக்கு ஒரு கனவு வந்தது. பரந்த வெளி. பனி விழுகிறது. ஆயிரக்கணக்கான கறுப்பு மரக்கட்டைகள் நட்டு நிற்கின்றன. அவற்றுக்குப் பின்னால் கல்லறை மேடுகள். எங்கிருந்தோ கடல் ஏறி வருகிறது.

அந்தக் கனவு என்ன சொல்கிறது என்று பிடிபடவே வருடங்கள் ஆயின. 1990-களில் ஜேஜு தீவில் அறை எடுத்துத் தங்கியிருந்தபோது ஒரு மூதாட்டி ஒரு சுவரைக் காட்டி, இங்கேதான் ஆட்களை நிறுத்திச் சுட்டார்கள் என்று சொன்னது அவர் நினைவுக்கு வந்தது. 1948-ல் தொடங்கிய ஜேஜு படுகொலைகளில் 30,000 பேர் வரை இறந்ததாகச் சொல்லப்படுகிறது. அந்தத் துயரத்தையும், காணாமல்போனவர்களைத் தேடுவதை விடாத ஓர் அம்மாவையும் வைத்துக் கடைசியில் நாவல் உருவானது. கனவு வந்து புத்தகம் கைக்கு வர ஏழு வருடம்.

ஹான் காங்குக்கு ஒரு நாவல் என்றால் குறைந்தது ஒரு வருடம், சமயத்தில் ஏழு வருடம். சொந்த வாழ்க்கையில் கணிசமான பகுதியைக் கொடுத்துத்தான் அதை வாங்குகிறோம் என்கிறார் நோபல் உரையில். நோபல் என்ற பெரிய வெளிச்சத்தை அவர் ஏன் இவ்வளவு தயக்கத்தோடு பார்க்கிறார் என்பது இந்தக் கணக்கைப் பார்த்தால் விளங்கும். ஒரு மேடைக்கும் ஒரு பேட்டிக்கும் கொடுக்கிற நாள், காலை ஐந்தரை மணியிலிருந்துதான் கழியும்.

தர்பூசணி இனிக்குமே!

நோபல் அறிவிப்புக்குப் பிறகு கொரியர்கள் சோஷியல் மீடியாவில் அதிகம் பகிர்ந்த ஒன்று, ஹான் காங் தன் வாழ்க்கையை ஒட்டி எழுதிய பழைய கதை ஒன்றில் வரும் காட்சி.

இவ்வளவு கொடுமை நிறைந்த உலகத்துக்கு ஒரு குழந்தையைக் கொண்டுவர வேண்டுமா என்று மனைவிக்குத் தயக்கம். கணவர் பெரிய தத்துவம் எதுவும் பேசவில்லை. உலகத்தில் ருசியான விஷயங்களும் இருக்கின்றனவே, கோடையில் தர்பூசணி இனிக்கிறதே, அதையெல்லாம் குழந்தைக்குக் கொடுக்க வேண்டாமா, மழைச் சத்தத்தைக் கேட்க வைக்க வேண்டாமா என்கிற மாதிரி பேசுகிறார். மனைவிக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது. மற்ற எதை மறுத்தாலும் தர்பூசணியின் இனிப்பை மறுக்க முடியவில்லை.

ஹான் காங்குக்கு ஒரு மகன். நோபல் போன் வந்த இரவில் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டவர் அவர்தான். வன்முறையை இவ்வளவு நேருக்கு நேர் எழுதும் ஒருவருடைய வாழ்க்கை மகன், டீ, நடை, மழை என்று இருப்பதில் முரண் எதுவும் இல்லை. அந்த இனிப்பு இருப்பதால்தான் அந்தக் கசப்பை அவரால் தொட முடிகிறது.

நோபல் விருந்தில் பேசியபோதும் ஒரு மழையைத்தான் நினைவுகூர்ந்தார். எட்டு வயதில் மணிச்சட்டக் கணக்கு வகுப்பு முடிந்து வெளியே வந்தபோது கொட்டிய மழை. பிள்ளைகள் எல்லாரும் தாழ்வாரத்தில் ஒதுங்கி நின்றார்கள். தெருவின் எதிர்ப்பக்கத்திலும் அதே மாதிரி ஒரு கூட்டம். இவர்கள் ஒவ்வொருவரும் தங்களை 'நான்' என்று நினைத்துக்கொண்டு, என்னைப் போலவே இந்த மழையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று அப்போது உறைத்ததாம். தன் வாசிப்பும் எழுத்தும் அந்த ஒரு நிமிட ஆச்சர்யத்துக்கே திரும்பத் திரும்பப் போவதாகச் சொன்னார்.

ஆறு வருடம், மூன்று புத்தகம்

நோபல் அறிவிப்புக்கு ஒரு வாரம் கழித்து, அக்டோபர் 17-ம் தேதி, சியோலில் ஒரு விருது விழாவுக்கு ஹான் காங் வந்தார். அது முன்பே ஒப்புக்கொண்ட நிகழ்ச்சி. அங்கே தன் வாழ்க்கையைப் பற்றி அவர் சொன்ன விவரங்கள் கேட்கவே எளிமையாக இருந்தன.

மது குடிப்பதில்லை. சமீபத்தில் காபி உட்பட கஃபீன் உள்ள எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார். பிடித்தமான பயணங்களும் இப்போது ஏறக்குறைய இல்லை. நடப்பது பிடிக்கும். எவ்வளவு படித்தாலும் தீராமல் வந்துகொண்டே இருக்கும் புத்தகங்கள் பிடிக்கும். குடும்பத்தோடும் நண்பர்களோடும் சிரித்துப் பேசுவது பிடிக்கும். எல்லாவற்றையும்விடப் பிடித்தது, இன்னும் எழுதாத ஒரு நாவலை மனசுக்குள் உருட்டிக்கொண்டிருப்பது.

பிறகு ஒரு கணக்கு சொன்னார். எழுத்தாளர்களின் உச்ச காலம் 50 வயதிலிருந்து 60 வயது வரை என்று பொதுவாகச் சொல்வார்கள். அப்படியானால் தனக்கு இன்னும் ஆறு வருடம்தான் மிச்சம். மனசில் இருப்பது மூன்று புத்தகங்கள். இந்த ஆறு வருடமும் அவற்றை எழுதுவதில் மூழ்கியிருக்க ஆசை என்றார். அடுத்து ஒரு கிண்டலும் சேர்த்துக்கொண்டார். இந்த மூன்றை எழுதி முடிப்பதற்குள் வேறு மூன்று புத்தகங்கள் மனசில் வந்து நிற்கும், இப்படி எப்போதும் மூன்று பாக்கி இருந்துகொண்டே இருந்தால் நிம்மதியாகச் சாகக்கூட முடியாதே!

வசந்த காலத்திலிருந்து ஒரு நாவலை எழுதிக்கொண்டிருப்பதாகவும், அடுத்த ஆண்டின் முதல் பாதியில் அதை வாசகர்களுக்குத் தர விரும்புவதாகவும் அதே மேடையில் சொன்னார். ஆனால் நாவல் எப்போது முடியும் என்று தன்னால் ஒருபோதும் சரியாகக் கணிக்க முடிந்ததில்லை என்பதையும் சொல்லிவைத்தார்.

வடக்குப் பார்த்த தோட்டம்

2025 ஏப்ரலில் ஹான் காங்கின் அடுத்த புத்தகம் வந்தது. ஆனால் அது நாவல் இல்லை. நோபல் உரை, கவிதைகள், கட்டுரைகள், புகைப்படங்கள், ஒரு தோட்டக் குறிப்பேடு எல்லாம் சேர்ந்த சின்னத் தொகுப்பு.

அந்தத் தோட்டக் குறிப்பேடுதான் பல வாசகர்களின் மனசைத் தொட்டது. தன் பெயரில் அவர் வாங்கிய சின்ன வீட்டில் ஒரு குட்டித் தோட்டம் இருக்கிறது. வடக்குப் பார்த்தது என்பதால் நேரடி வெயில் விழாது. செடிக்கு வெயில் வேண்டுமே... என்ன செய்வது? கண்ணாடிகளை வாங்கி வைத்தார். அவற்றில் படும் வெயிலைச் செடிகளின் மேல் திருப்பிவிட்டார்.

சூரியன் ஓர் இடத்தில் நிற்பதில்லையே. அதனால் 15 நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்துபோய்க் கண்ணாடிகளைக் கொஞ்சம் நகர்த்த வேண்டும். அப்படி நகர்த்தி நகர்த்தி, பூமி சுற்றும் வேகத்தைத் தன் கையால் உணர்ந்துகொண்டதாக எழுதுகிறார் ஹான் காங். எழுத்து, கண்ணாடி, மறுபடி எழுத்து. டீ கப் செய்த வேலையை இப்போது செடிகளும் செய்கின்றன.

2019-ல் அவர் செய்த இன்னொரு காரியத்தையும் இங்கே சொல்ல வேண்டும். நார்வேயின் ஆஸ்லோ நகருக்குப் பக்கத்துக் காட்டில் 2014-ல் ஆயிரம் மரக்கன்றுகள் நட்டார்கள். வருடத்துக்கு ஓர் எழுத்தாளர் ஒரு படைப்பை எழுதி, யாரும் படிக்காமல் பூட்டி வைக்கக் கொடுப்பார். 2114-ல் அந்த மரங்களை வெட்டிக் காகிதமாக்கி எல்லாவற்றையும் அச்சிடுவார்கள். ஐந்தாவது எழுத்தாளராக அழைக்கப்பட்ட ஹான் காங், தன் கையெழுத்துப் பிரதியை வெள்ளைத் துணியில் சுற்றி அந்தக் காட்டில் ஒப்படைத்தார். அதன் தலைப்பு மகனை விளிக்கிறது. அன்பு மகனே என்று அழைக்கும் அந்தப் படைப்பை இன்றைக்கு உயிரோடு இருக்கிறவர்களில் அநேகம் பேர் படிக்கப் போவதில்லை. எழுதியவரும் அதைப் புத்தகமாகப் பார்க்கப் போவதில்லை.

எங்கிருந்து வாசிக்கலாம்?

ஹான் காங்கை முதன்முதலாகப் படிக்க நினைப்பவர் எந்தப் புத்தகத்திலிருந்து தொடங்கலாம்? நோபல் இரவின் போன் பேட்டியில் இந்தக் கேள்வியும் வந்தது. எழுத்தாளர்களுக்குத் தங்கள் கடைசிப் புத்தகம்தான் பிடித்தமானது என்று சொல்லி, ஜேஜு தீவு நாவலிலிருந்து தொடங்கலாம் என்றார். டீ கப்போடு எழுதிய அதே நாவல்தான். தமிழில் படிக்க விரும்புகிறவர்கள் 'மரக்கறி'யிலிருந்து தொடங்கலாம். சின்ன நாவல், ஆனால் படித்து முடித்த பிறகும் சில நாள்கள் தூக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

ஒரு கோடியே பத்து லட்சம் ஸ்வீடிஷ் குரோனர், தங்கப் பதக்கம், மன்னர் கையால் பட்டயம். 2024 டிசம்பர் 10-ம் தேதி ஸ்டாக்ஹோம் மேடையில் ஹான் காங் வாங்கியவை இவை. அவர் அந்த நகரத்தில் விட்டுவந்தது ஒரு டீ கப்.

அந்த கப் இப்போது கண்ணாடிக்குள் இருக்கிறது. இனி அதில் யாரும் டீ ஊற்றப் போவதில்லை. சியோலில், வடக்குப் பார்த்த ஒரு சின்னத் தோட்டத்துக்குப் பக்கத்தில், ஆறு வருடமும் மூன்று புத்தகமும் காத்திருக்கின்றன. மேஜைக்குத் திரும்ப இனி அவருக்கு வேறொரு கப் வேண்டும். காலை ஐந்தரை மணி மட்டும் அதே ஐந்தரை மணிதான்!